அக்காவின் அதிமதுரம்

இந்த நாட்டில் தினமும் என் கையைப் பிடிப்பது ஓர் இயந்திரம் மட்டும்தான். காலையில் கதிரையில் உட்கார்ந்து, பட்டியைச் சுற்றிப் பொத்தானை அழுத்தினால், மெல்ல இறுக்கிப் பிடித்துவிட்டுப் பிறகு விட்டுவிடும். நோர்வேக்காரர்கள் பண்பானவர்கள். பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே வருவார்கள். கண்டி பஸ்ஸில் முன்பின் தெரியாதவரின் பை நம் மடியில் ஏறிவிடும், நாமும் அதைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருப்போம். இருபத்தெட்டு வருடமாகியும் என் மடிக்கு இந்த வெறுமை பழகவில்லை.

ஐம்பத்தெட்டு வயதில் அந்த இயந்திரம் நூற்று எழுபதைக் காட்டத் தொடங்கியது. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் பிரஷர் கிடையாது. நான் குடிப்பதில்லை, புகைப்பதில்லை. உப்பைக் குறைத்தேன், மாத்திரை ஒன்று இரண்டானது, எண் மட்டும் இறங்கவில்லை. இங்குள்ள டொக்டருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். "வேறு மருந்துகள் ஏதும் எடுக்கிறீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "தனியாகவா இருக்கிறீர்கள்?" ஆமாம் என்றேன். மனைவி இறந்து நான்கு வருடம், மகன் வேறு நகரத்தில். அவர் தலையசைத்து எதையோ கணினியில் பதிந்தார். இரண்டு கேள்விக்கும் உண்மையைத்தான் சொன்னேன் என்று நினைத்தேன்.

பிரஷருக்குக் காரணம் தனிமைதான் என்று நானே முடிவுகட்டினேன். அதில் எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது. யாரிடமும் சொல்ல முடியாத தனிமையை உடம்பாவது கணக்கில் எடுத்திருக்கிறதே. இதற்கு மருந்து ஊர்தான் என்று முடிவு செய்து, இரண்டு மாத லீவில் கண்டிக்குப் பக்கத்துக் கலஹாவுக்கு, அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்கா தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவள். எழுபது வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இறந்தபோது எனக்கு ஏழு வயது. மழை பிடித்தால் எனக்கு மூச்சிழுப்பும் பிடிக்கும். அக்கா அதிமதுரம், சுக்கு, கொத்தமல்லி எல்லாம் இடித்துக் காய்ச்சிக் குடிநீராகக் கொடுப்பாள். நான் நாட்டை விட்டுப் புறப்பட்டபோது பெட்டியில் அந்தத் தூளில் ஒரு பொட்டலம் வைத்தாள். அதன்பிறகு வருடாவருடம் பார்சல் வரும். இழுப்பு எப்போதோ நின்றுவிட்டது. மனைவி போனபின் பேச்சுத் துணைபோல, காலையும் மாலையும் பெரிய கோப்பையில் அதையே குடிக்கத் தொடங்கினேன். அக்கா தனக்கென்று ஒருநாளும் அதைக் காய்ச்சியதில்லை, அவளுக்குப் பால் சேர்க்காத பிளேன்டீதான்.

"என்னடா தம்பி, இப்புடி எளச்சிட்ட?" என்று கேட்டவள் அந்தக் குடிநீரை மூன்று வேளையாக்கினாள். இரண்டு வாரத்தில் என் பிரஷர் நோர்வேயில் இருந்ததையும் தாண்டியது. பயந்துபோய் பஸ் ஏறிப் பேராதனையில் ஒரு டிஸ்பென்சரிக்குப் போனேன். அலவத்துகொடயைச் சேர்ந்த முஸ்லிம் டொக்டர், நிதானமான மனிதர்.

"வேற மருந்து ஏதும் குடிக்கிறீங்களா?"

"இல்ல டொக்டர், இந்த மாத்திரைதான்."

"ஊட்டுல கைமருந்து?"

"கைமருந்துன்னு இல்ல. அக்கா காய்ச்சுற குடிநீர் மட்டும்."

அதில் என்னென்ன போடுவாள் என்று கேட்டார். அதிமதுரம் என்றதும் பேனாவைக் கீழே வைத்தார். அதை நாள்தோறும் அதிகமாகக் குடித்தால் உடம்பு உப்பைப் பிடித்துவைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே தள்ளும், பிரஷர் ஏறும், மாத்திரையும் சரியாக வேலை செய்யாது என்று விளக்கினார். இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். "மொதல்ல அத நிப்பாட்டுங்க. ரெண்டு கெழமையில வாங்க."

அக்காவிடம் எப்படிச் சொல்வதென்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். வாசலிலேயே கோப்பையோடு நின்றாள். "குடி, ஆறிடும். என் கையால ஒனக்குச் செய்யறதுக்கு இத விட்டா வேற என்னடா இருக்கு?" கோப்பையை வாங்கிக்கொண்டேன். அவள் உள்ளே போனதும் கோப்பையை அந்தூரியப் பூச்சட்டியில் கவிழ்த்தேன். அன்றிலிருந்து மூன்று வேளையும் அந்தூரியம்தான் குடித்தது.

இரண்டு வாரத்தில் பிரஷர் இறங்கத் தொடங்கி, புறப்படுவதற்குள் நூற்று முப்பதுக்கு வந்துவிட்டது. டொக்டருக்குச் சந்தோஷம். எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருடத் தனிமை என் இரத்தத்தில் ஒரு புள்ளியைக்கூட ஏற்றவில்லை. ஏற்றியது, என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒரே பாசம்.

அக்கா இந்த முறையும் பெட்டியில் தூளை வைத்து அனுப்பினாள். இங்கே மாலையில் அதைக் கொதிக்க வைக்கிறேன். வாசனை வீடு முழுவதும் பரவும். ஆறியதும் சிங்கில் ஊற்றிவிடுகிறேன். அப்போதுதான் அக்காவின் அழைப்பு வரும்.

"குடிச்சியாடா?"

"குடிச்சேன்க்கா."

காலையில் இயந்திரம் என் கையைப் பிடிக்கிறது. நூற்று இருபத்தெட்டு. நான் அக்காவிடம் பொய் சொன்னேன் என்று அதற்கு மட்டும்தான் தெரியும்.