அரை நொடியில் கலைந்த வாத்துகள்: ஒரு கும்மிடிப்பூண்டிக் காலை

கேமராவை வேண்டுமென்றே அசைத்து, காட்சியைத் தூரிகையால் இழுத்ததுபோல் கலங்கவிட்டு எடுக்கும் படங்களின் மேல் இரண்டு வருடங்களாக எனக்குப் பித்து. இதற்காகப் பலரும் மலையேறுகிறார்கள். எனக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் புகைபோக்கிகளுக்குக் கீழே கிடக்கும் வயல்களை எடுக்க ஆசை. சம்பா அறுப்பு முடிந்த பிப்ரவரியில், ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

சென்ட்ரலிலிருந்து புறநகர் ரயில். ஏறத்தாழ நாற்பத்தெட்டு கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், பதினைந்து ரூபாய். வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். அத்திப்பட்டைத் தாண்டும்போது அனல்மின் நிலையப் புகைக்குள் விடியல் ரோஜா நிறத்தில் ஊறிக்கொண்டிருந்தது.

ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர், "எந்த கம்பெனி சார்?" என்றார்.

"கம்பெனி இல்லைங்க, ஏரிக்கரை."

"அங்க இன்னா சார் கீது?" என்றபடியே வண்டியை எடுத்தார். ஆறு கிலோமீட்டருக்கு நூற்றைம்பது ரூபாய்.

கரைக்குக் கீழே அறுத்த வயலெங்கும் வாத்துகள். பனிக்குள் அவை பழுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டாக மிதந்தன. மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் ஆந்திர எல்லையோர ஊர்க்காரர்களான ஏழுமலையும் அவர் மனைவி நாகம்மாவும். படம் எடுக்கலாமா என்று கேட்டேன்.

"எடுத்துக்கோ நைனா," என்றார் ஏழுமலை. "கிட்ட மட்டும் போவாத. மெரண்டுக்கும்."

வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்பு ஃபில்டரை மாட்டி, ஷட்டரை அரை நொடிக்கு வைத்து, முக்காலியின் மேல் கேமராவை இடமிருந்து வலமாக மெல்லத் திருப்பினேன். வயல் பட்டைபட்டையாக உருகியது. புகைபோக்கிகள் ஈரத் துணியில் இறங்கிய சாயக்கோடுகள்போல் ஆயின. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. வெயில் ஏறி லென்ஸில் விழுந்தது. யோசிக்காமல் பையிலிருந்த கறுப்புக் குடையை எடுத்துப் படக்கென்று விரித்தேன்.

மொத்தக் கூட்டமும் எழும்பி, கன்டெய்னர் லாரிகள் போகும் சாலையை நோக்கிப் பாய்ந்தது.

சிவப்புச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கழியோடு நாகம்மா குறுக்கே ஓடினார். என் கை முதலில் ஷட்டரைத்தான் அழுத்தியது. அப்புறம்தான் நான் ஓடினேன்.

நல்லவேளை, ஒரு லாரி ஓட்டுநர் தூரத்திலேயே பார்த்துவிட்டு வண்டியைச் சாலையின் குறுக்கே நிறுத்தினார். "ஓட்டிக்கினு வாம்மா, நான் நிக்கிறேன்," என்று இறங்கிக் கை காட்டினார். நாங்கள் மூவரும் சேற்றில் விழுந்து எழுந்து அவற்றை வயலுக்குத் திருப்பினோம். எதுவும் சாகவில்லை. கால் நொண்டிய ஒன்றை மட்டும் நாகம்மா இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

நாகம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "சொன்னாருல்ல? காதுல உழலியா?" என்றார். பிறகு மூச்சு அடங்கியதும், "அப்பிடி இன்னாதான் எடுத்த, காட்டு."

கடைசிப் படத்தைக் காட்டினேன். பொன்னிற வயல், பால்போல் வழியும் வாத்துகள், ஓரத்தில் ஒரு சிவப்புக் கீற்று.

"நான் எங்க கீறேன்?"

சிவப்பைத் தொட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"எனக்கு அப்ப உசுரே போச்சு. இதுல பாரு, தூங்குறாப்பல கீது."



போக நினைப்பவர்களுக்கு: ஜனவரி முடிவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை பனி நம்பகமானது. எட்டரை மணிக்குமேல் வெளிச்சம் முரடாகிவிடும். அரை நொடியிலிருந்து ஒரு நொடிக்குள் பழகுங்கள். மரங்களுக்கு மேலிருந்து கீழாகவும் வயலுக்குப் பக்கவாட்டிலும் அசையுங்கள். நாஷ்டாவுக்கு ஸ்டேஷன் பக்கம் இட்லிக் கடைகள் உண்டு. வெயிலை மறைக்க லென்ஸ் ஹூட் போதும், குடை வேண்டாம். மேய்ப்பவர்கள் சொல்வதை முழுதாகக் கேளுங்கள்.

அந்தப் படத்தைக் கீழே போட்டிருக்கிறேன். வலது ஓரத்துச் சிவப்பைப் பூமரம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது நாகம்மா, சாலையை மறிக்க ஓடுகிறார்.