மெட்டை விட்டுவிட்டு ஆல்ட்டோ பாடிய ஷீபா

இன்று உதியன்குளங்கரையில் பஸ் ஏறினேன். பக்கத்தில் பாடகி ஷீபா. அவளே எழுதி மெட்டமைத்த இரண்டாவது ஆல்பத்தை, சென்னையில் பெயர்பெற்ற இசைத் தயாரிப்பாளர் ஒருவர் உருவாக்குகிறார். ஆனால் முகம் வாடியிருந்தது.

"அபத்தம் பற்றிப்போச்சு அண்ணா, பெரிய தப்பு பண்ணிட்டேன். சர்ச் கொயர்ல பதினஞ்சு வருசமா ஆல்ட்டோ ஆக்கும், மெட்டுக்குக் கீழ பாடுற துணைக்குரல். நான் முன்னயே பாடி வச்ச மெட்டு ஹெட்போன்ல ஓடுனதும், பழக்கத்துல துணைக்குரலப் பாடி அனுப்பிட்டேன். அசல் மெட்ட அவரு கேட்டதே இல்ல; அதுதான் மெட்டுன்னு நெனச்சு, கொள்ளாம், நல்லாருக்குன்னு சொல்லியாச்சு. உண்மையச் சொன்னா ஆல்பமே போயிரும்."

"சொல்லிரு மக்கா."

பாறசாலைக்கு முன்பே போன் செய்து சொல்லிவிட்டாள். மறுமுனையில் சிரிப்புச் சத்தம் எனக்கே கேட்டது.

"ரெண்டு குரலும் வேணுமாம் அண்ணா! ரெண்டையும் நானே பாடணுமாம்!"

கொயரில் எப்போதும் மெட்டுப் பாடும் சோப்ரானோக்காரர்களே, இனி மெட்டும் பாடப்போகிற அவளை ஞாயிற்றுக்கிழமை உங்கள் பக்கத்தில் நிற்க விடுவீர்களா?