ஐந்து கிலோவுக்காக ஓடிய சைக்கிள்

சீனி வருத்தத்துக்கு நான் மாதா மாதம் போகும் கிளினிக்கில், டொக்டர் ஒரு தவணை தந்தார். மூன்று மாதத்தில் ஐந்து கிலோ இறங்க வேண்டும். இல்லாவிட்டால் தினமும் வயிற்றில் ஊசி. சைக்கிள் ஓடினால் இறங்கும் என்றார். பிள்ளை பெற்றபோதும் அழாதவள் நான். ஆனால் ஊசி என்றால் ஏலாது.

சைக்கிள் எனக்குப் புதிதில்லை. மகள் விட்டுப்போன லேடீஸ் சைக்கிள் வீட்டில் கிடந்தது. ஆனால் சும்மா எப்படி ஓடுவது? எங்கள் ஊர் சீனன்குடாவில் என் வயதுப் பெண் தெருவில் காரணமில்லாமல் சுற்றினால், எங்கே போகிறாய் என்று மறித்துக் கேட்பார்கள். மெலியப் போகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆகவே காலையில் பக்கத்து ஊரான கப்பல்துறையில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போய்வரத் தொடங்கினேன்.

கண்டி வீதி லொறிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி, ஒரு நாளும் தவறாமல் ஓடினேன். முதல் கிழமை தொடை இரண்டும் கொதித்தன. பிறகு ஏற்றத்திலும் இறங்கி உருட்டியதில்லை.

முதல் மாதம் தராசில் ஏறினேன். ஒரு கிலோ கூடியிருந்தது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் இலக்கம் தெரியும். தராசு பிழை என்று தாதியிடம் சொன்னேன். அவர் தானே ஏறிக் காட்டினார். பிழையில்லை. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மூச்சு வாங்குவது குறைந்திருந்தது, எடை மட்டும் எங்கிருந்து வந்தது?

“காலமை என்ன சாப்பிடுறனீங்கள், அம்மா?” என்று தாதி கேட்டார்.

“ஒண்டுமில்ல. வெறும் வயித்தோடதான் வெளிக்கிடுறனான்.”

“போற இடத்தில?”

போன இடத்தில் பிட்டும் வாழைப்பழமும் இருந்தன, சீனி போட்ட பால்தேத்தண்ணியும். அதை நான் சாப்பாட்டில் சேர்த்ததேயில்லை. வீட்டுக்கு வந்தவளை வெறுமனே அனுப்பத் தங்கச்சிக்கு மனம் வராது. நீட்டிய கோப்பையை மறுக்க எனக்கும் வராது. அது மரியாதை. மரியாதை எப்படி எடையாகும்? தாதி சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மறுநாள் தங்கச்சியிடம் விஷயத்தைச் சொல்லி, ஒன்றும் வேண்டாம் என்றேன். அவள் கோப்பையை மேசையில் வைத்தாள்.

“அப்ப மெலியிறதுக்குத்தான் இவ்வளவு நாளும் வந்தனீங்களோ, அக்கா? நான் என்னைப் பாக்க எண்டெல்லோ நினைச்சனான்.”

எதற்காக வந்தேன் என்று எனக்கே குழம்பிவிட்டது. சைக்கிளைத் திருப்பினேன்.

அதன்பிறகு அவள் வீட்டுக்குத் திரும்பும் முடக்கு வரை போவேன், உள்ளே திரும்ப மாட்டேன். எடை இறங்கத் தொடங்கியது. மூன்றாம் மாதம் பார்த்தால், டொக்டர் முதலில் எழுதிய எடையைவிட நான்கு கிலோ குறைவு. ஊசியை இன்னும் ஒரு மாதம் தள்ளிவைத்தார். சந்தோஷமாக இருக்க வேண்டும். இருந்தேனா என்று தெரியவில்லை. தங்கச்சியிடமிருந்து ஒரு கதையும் இல்லை.

இன்னும் ஒரு கிலோ மிச்சம். அதையும் இறக்கிவிட்டு அவளிடம் போவதா, இல்லை நாளைக்கே போய் அந்தத் தேத்தண்ணியைக் குடிப்பதா? டயருக்குக் காற்று அடித்துவிட்டேன். முடிவு மட்டும் வரவில்லை.