கொடுக்கப்படாத மனு

அந்த மனுவை நான் கொடுக்கவில்லை. நான்காகக் கிழித்து, பேருந்து நிறுத்தத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். வந்து, கொடுத்துவிட்டதாக எங்கள் குப்பம் முழுவதையும் நம்ப வைத்தேன்.

மூன்று வருடங்களாக இதை யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் எனக்கு யாரோ... அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது.

எண்ணூர் போகும் கடற்கரைச் சாலையில் இருக்கிறது எங்கள் குப்பம். அங்கே ஒரு மாநகராட்சி ஆரம்பப் பள்ளி. இரண்டு அறைகள், ஐந்து வகுப்புகள். கழிவறை ஒன்று உண்டு; தண்ணீர் இல்லாததால் பூட்டியே கிடக்கும். பெண்பிள்ளைகள் காலையிலிருந்து மாலைவரை ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் போக வேண்டுமே! போக எங்கே இடம்?

நான் துறைமுகச் சரக்குக் கிடங்கு ஒன்றில் எழுத்தர். நாலு வரி பிழையில்லாமல் எழுதுவேன் என்பதால் குப்பத்து மனுக்களெல்லாம் என் தலையில் விழுந்தன. வருடத்துக்கு ஒன்றாக ஐந்து வருடங்கள் எழுதினேன். "மேல அனுப்பியிருக்கோம்." "நிதி வரட்டும்." "தேர்தல் முடியட்டும்." தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்தப் பதில்களை ஒப்பிப்பேன்!

ஆறாவது மனுவுக்குக் கையெழுத்து வாங்கியவள் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா. மீன் விற்பவள். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். அவள் மகள் அந்தப் பள்ளியில் நான்காம் வகுப்பு. நீர்க்கடுப்பு வந்து மாதத்தில் பாதி நாள் வீட்டில் சுருண்டு கிடப்பாள். ஸ்டெல்லா கூடையை இறக்கிய கையோடு வீடு வீடாக ஏறி இறங்கினாள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களிடம் கைநாட்டு வாங்கினாள். அந்தத் தாள்களில் மீன் வாடை அடித்தது. ஒரு பக்கத்தில் செதில்கூட ஒட்டியிருந்தது.

அதை எடுத்துக்கொண்டு போய் மண்டல அலுவலகத்தில் காலை பத்து மணிக்கு உட்கார்ந்தேன். அதிகாரி கூட்டத்தில் இருந்தார். பிறகு சாப்பிடப் போனார். பிறகு மறுபடியும் கூட்டம்! மூன்று மணிக்கு ஓர் ஊழியர் வாங்கிப் புரட்டினார். செதிலை விரலால் சுண்டி எறிந்தார்.

"கையெழுத்து போட்டவங்க எல்லாரோட ஆதார் நகலும் வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள இணைச்சு எடுத்துட்டு வாங்க."

முடியாத காரியமா அது? ஸ்டெல்லாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டே நாளில் கட்டாகக் கொண்டுவந்து வைத்திருப்பாள். ஆனால் அந்த மூன்று மணிக்கு எனக்குள் ஏதோ விட்டுப்போயிற்று. எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன? என்றைக்கு இவர்கள் கொடுத்திருக்கிறார்கள்? இன்னும் எத்தனை நாள் இந்த நாற்காலியில் உட்கார்ந்து தேய்வது?

கிழித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன்... அந்த நொடியில் எனக்கு நிம்மதியாக இருந்தது!

அந்த வருடம்தான் நிதி வந்தது.

ஆமாம், அந்த வருடம்தான்! மனு கொடுத்த பக்கத்துக் குப்பத்துப் பள்ளிக்குக் கழிவறையும் மாடியில் இரண்டு வகுப்பறைகளும் கட்டினார்கள். எங்கள் பள்ளிக்கு ஒன்றுமில்லை. ஸ்டெல்லா நாற்பது பெண்களைத் திரட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். நானும் போனேன். போகாமல் இருந்தால் சந்தேகம் வருமே!

அதிகாரி பதிவேட்டைத் திறந்து காட்டினார். "உங்க குப்பத்துலேர்ந்து இந்த வருஷம் மனுவே வரலம்மா."

ஐந்து வருடங்களாகப் பொய்யும் மழுப்பலுமாகப் பேசிய அந்த அலுவலகம், அந்த ஒரு நாள் உண்மையைச் சொன்னது.

"இன்னா சார் புளுகுற? எங்கண்ணன் அவர் கையால குட்த்தாரு!" என்று ஸ்டெல்லா கத்தினாள். என் பக்கம் திரும்பினாள். "நீயே சொல்லுண்ணா. குட்த்தியா, இல்லியா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"கொடுத்தேன்" என்றேன்.

கிழித்ததைக்கூட ஏதோ சலிப்பு என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பேன். இந்த ஒரு சொல்லுக்கு என்ன பெயர் வைப்பேன், சொல்லுங்கள்?

அந்தச் சொல்லை நம்பித்தான் ஸ்டெல்லா அந்தப் பதிவேட்டைப் பிடுங்கி வீசினாள். அது அதிகாரியின் முகத்தில் பட்டு, மூக்குக் கண்ணாடி உடைந்தது. அரசு ஊழியரைத் தாக்கியதாக அவள்மேல் வழக்கு. மூன்று வருடங்களாக வாய்தாவுக்கு அலைகிறாள். மகள் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டாள். இப்போது அம்மா நீதிமன்றம் போகிற நாட்களில் அவள்தான் மீன் கூடையைத் தூக்குகிறாள்.

போன மாதம் ஸ்டெல்லாவின் வக்கீல் ஒரு வழி சொன்னார். கோபத்தில் தப்பாக நடந்துவிட்டேன், மனு வரவில்லை என்று அவர் சொன்னது உண்மைதான் என்று ஒரு மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் அதிகாரி சமரசத்துக்கு வருவாராம். அதை எழுதவும் என்னிடமே வந்தார்கள். எழுதினேன். வேறு எந்த மனுவையும் நான் அவ்வளவு அக்கறையாக எழுதியதில்லை! இதோடு தொலைந்தது என்று எனக்குள் எத்தனை ஆசை!

ஸ்டெல்லாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் பேனாவைத் தொடவேயில்லை.

"கண்ணாடிய ஒட்ச்சது தப்பு. அதுக்கு ஆயிரம் வாட்டி மன்னிப்பு கேக்குறேன். ஆனா அவன் சொன்னது உண்மைன்னு எப்டிண்ணா எழுதுவேன்? நீதான் குட்த்தியே!"

இப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம் அல்லவா? வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான் இருந்தோம்... திறக்கவில்லை. "உன் இஷ்டம்மா" என்றேன்.

வழக்கு விசாரணைக்கு வருகிறது. அவள் தரப்புச் சாட்சியாக என் பெயரைத்தான் கொடுத்திருக்கிறாள். சட்டையைத் தேய்த்து வைத்திருக்கிறேன். கூண்டில் ஏறி என்ன சொல்வேன் என்று, இதை எழுதும் இந்த நிமிடம்வரை எனக்குத் தெரியாது.

நேற்று வாசலில் நின்று எனக்குத் தைரியம் சொல்லிவிட்டுப் போனாள்.

"பயப்படாதண்ணா. நடந்தத நடந்தபடி சொன்னா போதும்."