நீங்கள் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள்?

சென்ற மாதம் அலோர் காஜாவில் ஒரு சிறுகதைப் பட்டறை. கோயில் மண்டபத்தில், மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். தெங்கேராவிலிருந்து நான் காரை ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் பதினோரு பேரும் பசியாறிவிட்டு, நோட்டும் பேனாவுமாகத் தயாராக இருந்தார்கள்.

முதல் வாரம் ஆளுக்கொரு கதை எழுதச் சொன்னேன். இரண்டாம் வாரம் பாடம் – கதையை யார் சொல்வது? 'நான்' என்று சொல்வதா, 'அவள்' என்று வெளியே நின்று சொல்வதா, எல்லாம் அறிந்த கடவுள் மாதிரிச் சொல்வதா? பார்வைக் கோணம் என்பார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். கதை சொல்கிறவர் எங்கே இருக்கிறார்? அங்கிருந்து என்ன தெரியும்? அதை மட்டும் எழுதுங்கள்... முடிந்தது பாடம். இருபது வருடமாக இதைத்தான் சொல்லித்தருகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு வசந்தியின் கதையை எடுத்தேன். (அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பெயரை மட்டும் மாற்றிவிட்டேன்.) கையுறை ஃபேக்டரியில் சூப்பர்வைசர். வயது முப்பத்தெட்டு. எழுதியிருந்தது சொந்தக் கதை.

"எல்லாருக்கும் படிச்சுக் காட்டலாமா?" என்று கேட்டேன்.

"படிங்க டீச்சர். ஊருக்கே தெரிஞ்சதுதான்."

கதை இதுதான். அக்கா ஒரு கிறிஸ்துவப் பையனைக் காதலித்துக் கட்டிக்கொண்டு கோலா சுங்கை பாருவுக்குப் போய்விடுகிறார். அப்பா பேசுவதை நிறுத்திவிடுகிறார். மூன்று வருடம் கழித்து அப்பா இறந்துபோகிறார். அக்கா வருகிறார். வீட்டு கேட்டில் கல் மாதிரி நிற்கிறார். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பத்து நிமிடம் நின்றுவிட்டு, உள்ளே வராமலே திரும்பிப் போகிறார். கடைசி வரி – 'அப்பா செத்தும் அவள் கோபம் சாகவில்லை.'

எல்லோரும் கை தட்டினார்கள். வரி நல்ல வரிதான். எனக்குத்தான் ஏதோ உறுத்தியது.

"வசந்தி, இந்தக் கதையில 'நான்' எங்க உட்கார்ந்திருக்காங்க?"

"ஹால்ல டீச்சர். அப்பா தலைமாட்டுல."

"அங்கேருந்து வீட்டு கேட்டு தெரியுமா?"

"தெரியும். வாசலுக்கு நேரா கேட்டுதான்."

"சரி. கண்ணுல தண்ணி இல்லன்னு அவ்வளவு தூரத்துலேருந்து எப்படித் தெரிஞ்சது?"

"அத்தை சொன்னாங்க."

"கல்லு மாதிரி நின்னது?"

"அதுவும்... அத்தைதான்."

"பத்து நிமிஷம்?"

"என்னா டீச்சர், போலீஸ் மாதிரி கேக்குறீங்க லா!"

மண்டபமே சிரித்தது. வசந்தி சிரிக்கவில்லை.

"நீங்க என்னதான் பாத்தீங்க?" என்றேன்.

"யாரோ பொம்பள நிக்கிற மாதிரி இருந்துச்சி. அழுது அழுது கண்ணாடியக் கழட்டி வச்சிட்டேன். கண்ணாடி இல்லாட்டி எனக்கு எல்லா மூஞ்சியும் ஒண்ணுதான். அத்தை வந்து சொன்னப்புறம்தான் அது அக்கான்னே தெரியும். எந்திரிச்சிப் போறதுக்குள்ள போயிட்டா."

அதன் பிறகு அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. ஆறு வருடம்.

இதே கதையை கேட்டில் நின்ற அக்காவின் 'நான்' ஆக எழுதி வாருங்கள் என்றேன்.

"முடியாது டீச்சர். அவ மனசுல என்னா இருந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"போன வாரம் தெரிஞ்ச மாதிரிதானே எழுதினீங்க?"

என் வாய் இருக்கிறதே... வசந்தியின் முகம் சுருங்கிவிட்டது. இனி இவர் வரமாட்டார் என்று நினைத்துக்கொண்டேதான் வீடு திரும்பினேன்.

வந்தார். அரை மணி நேரம் தாமதமாக, கையில் இரண்டு தாளோடு.

மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தாராம். 'நான் கேட்டருகே நின்றேன்' என்ற முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. நான்காம் நாள் அத்தையிடம் நம்பர் வாங்கி, அக்காவுக்கே போன் போட்டிருக்கிறார்.

"கதைக்காகத்தான் கேக்குறேன்னு சொல்லித்தான் ஆரம்பிச்சேன் டீச்சர். அன்னிக்கு கேட்டுல நின்னியே, அங்கேருந்து என்னா தெரிஞ்சிச்சின்னு கேட்டேன்."

அக்கா சொன்னாராம்: "நீதான் தெரிஞ்ச. என்னை நேராப் பாத்த. அப்புறம் மூஞ்சியத் திருப்பிக்கிட்ட. யாராச்சும் ஒருத்தர் வான்னு கூப்பிட மாட்டீங்களான்னுதான் நின்னேன். நீயே திரும்பிக்கிட்ட... வேற யாரு கூப்பிடுவா?"

"அக்கா... நான் கண்ணாடி போடலக்கா."

"என்னது?"

"கண்ணாடி போடல. நீன்னே தெரியல."

"அடிப்பாவி! ஆறு வருஷம்டி!"

அப்புறம் இரண்டு பேருமே அழுதார்களாம். அழுது முடித்த கையோடு அக்கா திட்ட ஆரம்பித்தாராம். திட்டு நிற்க நேரமானது என்றார் வசந்தி. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்!

எழுதி வந்ததை வாசித்தார். கதையாகப் பார்த்தால் நடுவில் இழுக்கிறது. இரண்டு பக்கத்தில் ஐந்து 'கண்ணீர்'. சொன்னேன் – அது என் வேலை. ஆனால் தொடக்கம்? 'சவப்பெட்டி இன்னும் வரவில்லை. கேட்டிலிருந்து அப்பாவின் பாதம் மட்டும்தான் தெரிந்தது. பெருவிரல் இரண்டையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.' அதை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன்.

அத்தையைக் குறை சொல்வதற்கில்லை. வாசலில் போட்ட கூடாரத்தில் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தவர், தான் நின்ற இடத்திலிருந்து பார்த்ததைச் சொன்னார். சத்தம் போட்டு அழாதவர்கள் எல்லாம் நம் ஊரில் கல்தானே? நம் கோபங்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எத்தனை நாமே பார்த்தவை? எத்தனை அத்தை சொன்னவை?

கதையை ஏதாவது இதழுக்கு அனுப்புங்கள் என்று வசந்தியிடம் சொல்லியிருந்தேன். நேற்று விசாரித்தேன். இன்னும் போகவில்லையாம் – அக்கா திருத்திக்கொண்டிருக்கிறார்!