ஜெரூஷா எடுத்த டெமோ கிளாஸ்

ஊரப்பாக்கம் ஜெரூஷாவைப் பயந்தவள் என்று யாரும் சொல்ல முடியாது. ஞாயிறு ஆராதனையின் பைபிள் வாசிப்பில் வம்ச வரலாறு வந்துவிட்டால், வாசிக்க வேண்டியவர்களுக்குத் திடீரென்று தொண்டை கட்டிக்கொள்ளும். உடனே இவளைத்தான் கூப்பிடுவார்கள். வாயில் நுழையாத நாற்பது பெயர்களையும் மளமளவென்று வாசித்துவிட்டு இறங்குவாள். ஒன்றிரண்டு தப்பாகத்தான் இருக்கும். நிறுத்தினால்தானே சபை தலையைத் தூக்கிப் பார்க்கும்!

கல்யாணம், பிள்ளைகள் என்று பத்து வருடம் வீட்டோடு இருந்தவள், கம்ப்யூட்டர் பாடத்தைப் புத்தகம் வைத்துத் தானே படித்துப் புதுப்பித்துக்கொண்டாள். பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆசிரியர் வேலைக்கு டெமோ கிளாஸ் எடுக்கக் கூப்பிட்டார்கள். வயது நாற்பத்தொன்று. இதை விட்டால் இன்னொன்று கிடைப்பது சந்தேகம் என்று அவளுக்கே தெரியும். பாடமெல்லாம் தண்ணீர் பட்ட பாடுதான். ஆனால் அதில் பாதிச் சொற்கள் கிரேக்கத்திலிருந்தும் லத்தீனிலிருந்தும் வந்தவை. கண்ணால் பார்த்ததோடு சரி, காதால் கேட்டதில்லை.

எதிரே துறைத்தலைவர் வேதசிரோமணியும் இளம் பேராசிரியர் முகிலனும் உட்கார்ந்திருந்தார்கள். புரோகிராம் எழுதுமுன் அதன் போக்கைச் சாதாரண வார்த்தைகளில் எழுதிப் பார்ப்பதை விளக்கினாள்.

"இதுக்குப் பேரு ப்ஸூடோ கோட்."

முகிலன் சிரித்துவிட்டார். "மேடம், அந்த 'பி' சைலன்ட். சூடோ!"

முகம் சுட்டது. அவமானம்தான், வேறென்ன? ஆனாலும், "தேங்க்ஸ் சார், சூடோ கோட்," என்று சொல்லிவிட்டு அதே மூச்சில் அடுத்த வரிக்குப் போனாள். கடைசிவரை குரல் இறங்கவில்லை.

முகிலன் விடவில்லை. "பசங்க முன்னாடி இப்படித் தப்பாச் சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"இப்ப பண்ணதைத்தான் சார். தப்பாயிடுமோன்னு நானே வாயை மூடிக்கிட்டா, பசங்க ஒருத்தனும் டவுட் கேக்க மாட்டான்."

வேதசிரோமணி எழுந்து வந்து, அவளிடம் மார்க்கரை வாங்கி, போர்டில் ஆங்கிலத்தில் ஒரு சொல்லை எழுதினார். குத்துமதிப்பாக விடை தேடும் ஒரு முறையின் பெயர் அது.

"இருபத்திரண்டு வருஷமா இதை எழுதித்தான் காட்டுறேன்மா. 'இந்த மெத்தட்'னு சொல்லிச் சமாளிச்சிடுவேன். ஒரு தடவைகூட வாயால சொன்னதில்ல."

"நானும் கேட்டதில்ல சார். ஹியூரிஸ்டிக்னு நினைக்கிறேன். சத்தமா சொல்லிப் பாப்போம், தப்புன்னா முகிலன் சார் திருத்துவாரு."

"ஹியூரிஸ்டிக்," என்றார் பெரியவர், மெதுவாக. முகிலன் திருத்தவில்லை. உடனே பெரியவர் இன்னொரு தடவை, கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரலில் சொன்னார். காது மடல் சிவந்திருந்தது.

"திங்கக்கிழமை காலைல ஒன்பது மணிக்கு முதல் கிளாஸ். வந்துடுவீங்களாம்மா?"