அறுந்துபோகாத க்ளட்ச் கேபிள்

ஆரணியில் எங்கள் வீட்டில் இரண்டு தறி, ஒரு மோட்டார் சைக்கிள். எழுபதுகளின் கடைசியில் நானும் அண்ணனும் பட்டுச் சேலை நெய்த கூலியில் பழையதாக வாங்கியது. பேருக்குத்தான் பொது வண்டி, ஓட்டியதெல்லாம் நான். ஆடியில் கல்யாணம் கிடையாது என்றாலும் ஆவணி முகூர்த்தத்துக்கு நெய்தாக வேண்டும். அதனால் ஆடியில் பாதி நாள் ஒருவர் ஊர் சுற்றுவது, மீதி நாள் மற்றவர் என்று பேச்சு. நான் என் பங்கையும் சுற்றினேன், அவர் பங்கையும் சுற்றினேன். "நீ போய்ட்டு வாடா, எனக்கு அசதியா கீது" என்று அண்ணன் தறியில் இருந்தபடியே சொல்வார். அதை அப்படியே நம்புவது எனக்கும் சௌகரியமாக இருந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் மட்டும் அவர் தறியை விட்டு எழுந்து வருவார். வண்டியோடு என்னென்ன சாமான் போக வேண்டும் என்பது அவருடைய இலாகா. கோணியை விரித்து எல்லாவற்றையும் பரப்புவார். பை சின்னது, எல்லாம் கொள்ளாது.

"டயர் லீவர் வேணாம், பஞ்சரு எங்கனாலும் ஒட்டுவான். ப்ளக் ஸ்பேனர் இல்லாம போவாதே. மலை மேல மழை புடிச்சுதுன்னா பாயிண்டு மக்கர் பண்ணும், வண்டி கெளம்பாது, தேய்ச்சு உட உப்புத்தாள் ஒரு துண்டு வச்சிக்கோ."

கடைசியாக ஒரு புது க்ளட்ச் கேபிளைச் சுருட்டி வைப்பார். வண்டி ஓடும்போது கடகடவென்று சத்தம் வராமலிருக்க ஒவ்வொரு ஸ்பேனருக்கும் கழிவுப் பட்டு நூலைச் சுற்றுவார். இவ்வளவு பக்குவமாகப் பை கட்டிய மனிதர், அந்த வண்டியில் பக்கத்து ஊரான சேத்துப்பட்டைத் தாண்டியதில்லை.

நான் திரும்பி வந்ததும் அவருடைய முதல் கேள்வி, "எது ஒதவுச்சு?" என்பதுதான். முதல் இரண்டு வருஷம் உண்மையைச் சொன்னேன். வண்டி எங்கும் நிற்கவில்லை, பையைத் திறக்கவே இல்லை. "அப்பிடியா" என்று சொல்லிவிட்டு, சுற்றிய நூல்கூடக் கலையாத ஸ்பேனர்களை எடுத்து வைத்தார். முகம் தொங்கிவிட்டது. வண்டி ஒழுங்காக ஓடியதற்காக வருத்தப்பட்ட மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மூன்றாம் வருஷம் ஜவ்வாது மலைக்குப் போனேன். திரும்பும்போது அந்த முகம் ஞாபகத்துக்கு வந்து உறுத்தியது. போளூரில் ஒரு மெக்கானிக்கிடம், நன்றாக இருந்த கேபிளைக் கழற்றிப் போட்டுவிட்டு அண்ணன் கொடுத்த புதுசை மாட்டச் சொன்னேன். இது மறை கழன்ற கேஸ் என்பதைப் போல அவன் என்னைப் பார்த்தான்.

"மலை மேல கேபிள் அறுந்து போச்சுண்ணா. நீ வச்சதுதான் காப்பாத்துச்சு" என்று வீட்டில் அவிழ்த்துவிட்டேன்.

அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. எந்த வளைவு, பக்கத்தில் ஆள் இருந்தார்களா, எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் கேட்கக் கேட்க நானும் சேர்த்துக்கொண்டே போனேன். மழை பிடித்தது என்றேன், ஈ காக்கை இல்லை என்றேன். தெருவில் யார் அகப்பட்டாலும் அவர்களை நிறுத்தி அண்ணன் இந்தக் கதையைச் சொன்னார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கூசியது. ஆனாலும் தடுக்கவில்லை.

அடுத்த ஆடியில் பையைக் கட்டி முடித்த அண்ணன், சட்டை மாட்டிக்கொண்டு வண்டி அருகில் வந்து நின்றார். தறியில் ஒரு பாவு நூல் நெய்து முடிந்து அடுத்ததை ஏற்ற இரண்டு நாள் இருந்தது.

"ஒன்ன தனியா அனுப்ப மனசு வரலடா. நானும் வரேன்."

எத்தனையோ முறை நான் கூப்பிட்டிருக்க வேண்டியவர், இப்போது எனக்குத் துணையாக வருகிறார். ஊர் பார்க்கிற ஆசைக்குக்கூட அவருக்கு என் கஷ்டம்தான் சாக்காகக் கிடைத்தது.

மலை ஏறத் தொடங்கியதும் முதுகில் தட்டினார். "அது எந்த எடம்டா?" இன்னும் மேலே என்றேன். அடுத்த வளைவிலும் தட்டினார், அதற்கடுத்த வளைவிலும் தட்டினார். இனி தப்பிக்க வழியில்லை என்றானதும் ஏதோ ஒரு பாறைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, "இங்கதான்" என்றேன்.

அண்ணன் இறங்கினார். ரோட்டை மேலும் கீழும் பார்த்தார். ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் காடு, கண்ணுக்கெட்டிய வரை வீடு இல்லை. வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இங்கயாடா மழைல தனியா குந்திகினு இருந்தே? அன்னிக்கு நான் வயிறு முட்ட துன்னுட்டு படுத்துகினு கெடந்தேன். என்னிய ஒரு வார்த்த கூப்டலியேன்னு ஒம்மேல கோவம் வேற. மனசுல வச்சிக்காதடா."

உண்மையைச் சொல்ல அதைவிடச் சரியான இடம் எனக்கு இனிக் கிடைக்கப்போவதில்லை. வாய் வரைக்கும் வந்தது.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணா. வண்டியில ஏறு" என்றேன்.

நான் அவரை மன்னித்துவிட்டேன் என்ற நிம்மதியில் அண்ணன் ஏறி உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.